அவிழ்த்த கை

மே 4

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று ஆய்வுப் பதிவேடு: தேதி, ஆட்டின் காதுவில்லை எண், மருந்தின் அளவு, என் கையெழுத்து. இன்னொன்று மனசுக்குப் பட்டதை எழுத. "பதிவேட்டுல ஏறாத விஷயம்தான் பின்னால உதவும், சிதம்பரநாதன்" என்றார். இது அந்த இரண்டாவது நோட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு டைரி எழுதியதில்லை. என் மனைவி மங்கை சிரிக்கிறாள்.

இன்று வெள்ளூரணியில் முதல் ஊசி. நான்கு ஆட்டுக்கிடைகளில் இதுதான் கடைசி. மாடக்கண்ணு, கொம்பையா என்று அண்ணன் தம்பி இருவரின் கூட்டுக்கிடை. நாற்பத்தெட்டு பெட்டை, இரண்டு கடா.

மாடக்கண்ணு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஐயா, இது குட்டி போடுத ஊசியா, குட்டி வேண்டாங்குத ஊசியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடிந்த மட்டும் சொன்னேன். ஆட்டுக்கு ஒரு கருமுட்டை பழுத்ததும் 'போதும்' என்று மூளைக்குத் தகவல் சொல்லும் சுரப்பு ஒன்று உடம்பிலேயே இருக்கிறது. இந்தத் தடுப்பூசி அந்தச் சுரப்புக்கு எதிராக உடம்பைத் தயார்ப்படுத்தும். 'போதும்' என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் இரண்டு முட்டை பழுக்கும். இரட்டைக் குட்டி விழும். இருபத்தெட்டாம் நாள் இரண்டாவது ஊசி, அதிலிருந்து இன்னொரு இருபத்தெட்டு நாள் கழித்துக் கடா.

மாடக்கண்ணு அசையவில்லை. கொம்பையாவின் மனைவி ஆவுடையம்மாள்தான் முன்னால் வந்தாள். முப்பது வயதிருக்கும். நல்ல வாட்டசாட்டம், ஒரு ஆட்டை ஒற்றைக் கையால் கழுத்தோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"இது எங்க அம்மா வீட்டுச் சீர் ஆடு டாக்டரய்யா. அஞ்சு குடுத்தாக, இப்ப பத்தொம்பது. இதுகளுக்கு மொதல்ல போடுங்க. ஏதாச்சும் ஆனா என் ஆட்டுக்கே ஆகட்டும். பெரியவுகளுக்கும் மனசு தெளியும்."

எந்த ஆட்டுக்கு ஊசி, எந்த ஆட்டுக்கு வெறும் உப்புநீர் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆட்டுக்காரர்களுக்கு எது எதென்று தெரியக்கூடாது. சீட்டெல்லாம் பையில்தான் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. பிடித்து வந்த வரிசைப்படியே முதல் இருபத்துநாலுக்கு ஊசி, அடுத்த இருபத்துநாலுக்கு உப்புநீர் என்று போட்டுவிட்டேன். அவளுடைய பத்தொன்பதும் ஊசியில் வந்துவிட்டன. பதிவேட்டில் 'குலுக்கல் முறை' என்று எழுதினேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள்.

மே 19

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா போன் செய்தாள். மங்கைக்கு யாரோ சொன்ன லேகியம் அனுப்பியிருக்கிறாளாம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆயிற்று, ஊரில் கேட்கிறார்கள், பதில் சொல்லி முடியவில்லை என்றாள். "சரிம்மா" என்றேன்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் மங்கையைக் காட்ட ஜூன் ஒன்றுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. இருவரும் வரவேண்டுமாம். நான் எதற்கு என்று தெரியவில்லை.

மே 30

மற்ற மூன்று கிடைகளுக்கும் இரண்டாவது ஊசி நாள் தவறாமல் போட்டாயிற்று. வெள்ளூரணிக்கு மட்டும் ஜூன் ஒன்று. மதுரையும் அன்றுதான். ஒரு நாள், இரண்டு நாள் பிந்தினால் குடி முழுகாது.

ஜூன் 1

மதுரை. மங்கைக்கு நாலு பரிசோதனை, எனக்கு ஒன்று. பொலிகடாவுக்கு நான் வழக்கமாகச் செய்கிற பரிசோதனைதான். கையில் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள். கடாவுக்கு இவ்வளவு கூச்சம் இருந்து நான் பார்த்ததில்லை. மேற்கொண்டு எழுத வேண்டாம்.

ஜூன் 4

வெள்ளூரணிக்கு இன்று போயிருக்கலாம். போகவில்லை.

ஜூன் 8

ரிசல்ட் வந்தது. மங்கையே போய் வாங்கி வந்தாள். உடம்பு காய்ச்சல் போல இருக்கிறது. ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 11

காய்ச்சல்.

ஜூன் 14

மங்கை தெர்மாமீட்டரை வாயில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டரை. உதறிக் கழுவி உறையில் போட்டாள். ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அம்மா போனில் கேட்டாள், மதுரை டாக்டர் என்ன சொன்னார் என்று. "இன்னும் மருந்து சாப்பிடணுமாம்" என்றேன். யார் சாப்பிடணும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மங்கை அப்போது பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையம்மாளும் போன் செய்தாள். "ரெண்டாவது ஊசிக்கு வரலையே டாக்டரய்யா. மேலுக்குச் சொகமில்லையா?" வருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 18

ஒருவழியாக வெள்ளூரணி போனேன். பதினேழு நாள் பிந்தியாயிற்று. ஆண்கள் இருவரும் மழைக்காலத்தில் கிடை போட இடம் பேச வெளியூர் போயிருந்தார்கள். ஆவுடை ஒருத்தியே நாற்பத்தெட்டையும் பிடித்துக் கொடுத்தாள். அவளுடைய சின்ன மகள் காதுவில்லை எண்ணை எழுத்துக்கூட்டி வாசித்தது.

முடித்துக் கை கழுவும்போது கேட்டாள். "இந்த ஊசிக்குப் பெறவு இருபத்தெட்டு நாள் கழிச்சுத்தான் கடான்னு சொன்னீக. பன்னெண்டு நாள்ல ஆனி மூணாம் வெள்ளி வருது. கச்சை அவுக்கதைத் தள்ளிவைக்கணுமா? தள்ளணும்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பெரியவுககிட்ட நான் பேசிக்கிடுதேன்."

இங்கே வருஷம் முழுக்கக் கடாவின் வயிற்றுக்கடியில் சாக்குத் துணியைக் கச்சையாகக் கட்டி வைத்திருப்பார்கள். பெட்டையோடு மேயும், சேர முடியாது. ஆனி மூன்றாம் வெள்ளியன்று வீட்டுப்பெண் ஒருத்தி கச்சையை அவிழ்த்துவிடுவாள். நாற்பது நாளில் மறுபடி கட்டிவிடுவார்கள். கார்த்திகை மழையில் பச்சை தலைகாட்டும்போது குட்டிகள் எல்லாம் ஒன்றாக விழும்.

தள்ளத்தான் வேண்டும். பதினாறு நாளாவது தள்ளவேண்டும். தள்ளினால் பேராசிரியை ஏன் என்று கேட்பார். பிந்திய ஊசியைச் சொல்லவேண்டி வரும். ஏன் பிந்தியது என்பார்.

"வேண்டாம். அதெல்லாம் கணக்காத்தான் இருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரி" என்றாள். ஜீப்பில் உட்கார்ந்து பதிவேட்டை எடுத்து, இரண்டாம் ஊசி என்ற கட்டத்தில் 'ஜூன் 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து வழக்கத்தைவிட அழகாக விழுந்திருக்கிறது.

ஜூன் 30

ஆனி மூன்றாம் வெள்ளி. கூப்பிட்டார்கள், போனேன். கிடைவாசலில் மஞ்சள்தண்ணீர் தெளித்திருந்தது. இத்தனை வருஷமும் மாமியார்க்காரிதான் கச்சை அவிழ்ப்பாராம், மாசியில் இறந்துவிட்டார். இந்த வருஷம் மாடக்கண்ணுவின் மனைவி அவிழ்ப்பதாக இருந்தது. அவள் காலையில் விலக்காகிவிட்டாள். ஆகவே ஆவுடை.

அவளுக்கு ஒரே பெருமை. புதுச்சேலை. கடா திமிறியது, முடிச்சு இறுகிக்கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். "எளையவ அவுத்தா ரெட்டையாத்தான் விழும்" என்று மாடக்கண்ணுவே சொன்னார். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பாதியிலேயே இலையை மடித்தேன்.

ஜூலை 22

அம்மா அனுப்பிய லேகியம் மங்கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளாக வாந்தி. நேற்று, நிறுத்திவிடேன் என்றேன். "அத்தை கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?" என்றாள். இன்றும் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 17

மூன்று கிடைகளில் ஸ்கேன் முடிந்தது. ஊசி போட்டவற்றில் பாதிக்குமேல் இரட்டை. பேராசிரியைக்குச் சொன்னதும் போனிலேயே கைதட்டினார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளூரணி.

ஆகஸ்ட் 20

இதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதுவேன்.

முதலில் வந்ததெல்லாம் ஆவுடையின் ஆடுகள். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தேன். வெறும் வயிறு. அடுத்ததும் வெறும் வயிறு. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் மூன்று குட்டி. அப்புறம் மறுபடி வரிசையாக வெறுமை. எனக்கு ஆறாவது ஆட்டிலேயே புரிந்துவிட்டது. ஊசியின் வேகம் உச்சத்தில் இருக்கும்போது கடா சேர்ந்தால் முட்டைகள் தாறுமாறாகப் பழுக்கும், எதுவும் நிற்காது. அதற்காகத்தான் அந்த இருபத்தெட்டு நாள். நான் கொடுத்தது பன்னிரண்டு.

ஊசி போட்ட இருபத்துநாலில் சினை ஆறு. ஆவுடையின் பத்தொன்பதில் மூன்று. உப்புநீர் போட்ட இருபத்துநாலில் சினை இருபத்தொன்று. அவ்வளவும் மாடக்கண்ணுவின் ஆடுகள்.

கிடையில் நின்றவர்கள் கண்ணுக்கு என்ன தெரியும்? நாற்பத்தெட்டுக்கும் நான் ஊசி குத்தியதைப் பார்த்தவர்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே ஊசி, ஒரே கடா, ஒரே மேய்ச்சல். அவளுடையதில் மட்டும் இத்தனை வெறும் வயிறு.

மாடக்கண்ணு தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "ஐயா, மறைக்காமச் சொல்லுங்க. இது ஊசியால வந்ததா?"

கொம்பையா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையும் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி இல்லை. அவளுக்குத்தான் தேதி தெரியுமே.

"ஊசியால இல்லை" என்றேன். "மத்த மூணு கிடையிலயும் இதே ஊசிதான். அங்கெல்லாம் ரெட்டையா நிக்குது."

மற்ற கிடைகளைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம். ஒவ்வொரு சொல்லும் நிஜம். இப்படி நிஜத்தை வைத்தே பொய் சொல்லத் தெரியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

மாடக்கண்ணு துண்டை மறுபடி தலையில் கட்டினார். பிறகு மனைவியிடம்தான் சொன்னார், ஆவுடையைப் பார்த்துச் சொல்லவில்லை. "அப்பம் கச்சை அவுத்த கைதான்."

ஆவுடை அணைத்துப் பிடித்திருந்த ஆட்டை விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 21

பேராசிரியை கேட்டார்: "ஒரு கிடை மட்டும் எப்படி இவ்வளவு மோசம்? ரெண்டாவது ஊசி தேதி சரிதானே?"

"சரிதான் மேடம்."

"அப்போ தீவனப் பற்றாக்குறையா இருக்கும். கொஞ்சம் விசாரிச்சு எழுதுங்க." என்னை நம்புகிறார். நம்புகிறவர்களிடம் பொய் சொல்வது எளிது. அதுதான் இதில் அசிங்கம்.

செப்டம்பர் 3

விளாத்திகுளம் போகும் வழியில் ஆவுடையைப் பார்த்தேன். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேல் வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் முள் கீறியிருந்தது. பார்க்காததுபோல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், அவள் பார்த்துவிட்டாள். ஜீப்பை நிறுத்தினேன்.

"கெடைப்பக்கம் வரக்கூடாதுன்னுட்டாக" என்றாள். "தண்ணி வைக்கக்கூடாது, ஆடு மேய்க்க கம்பத் தொடக்கூடாது. குட்டி விழுத நேரத்துல எங்க அம்மா வீட்டுக்குப் போயிரணுமாம். என் கண்ணு படக்கூடாதாம்."

"கொம்பையா என்ன சொல்றார்?"

"அவுக என்ன சொல்லுவாக? அண்ணன் சொன்னாத் தலையாட்டுவாக." அரிவாளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீங்க நல்லாருக்கீகளா?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 14

அம்மா வந்திருக்கிறாள். ஒரு மாதம் இருப்பாளாம். மங்கை இனி மாதா மாதம் சஷ்டிக்கு ஒருவேளை விரதம் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. "ஒனக்கு உடம்புச் சூடு ஜாஸ்திம்மா, அதான் தங்க மாட்டேங்கு" என்று அவளிடம் அன்பாகத்தான் சொல்கிறாள். அம்மா கெட்டவள் இல்லை. அவளுக்கு விஷயம் தெரியாது. விஷயம் தெரிந்த நான் பக்கத்து அறையில் மின்விசிறியைக் கூட்டிவைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 20

விரதம். மங்கை மத்தியானம் அடுப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். நான் மோர் கலக்கிக் கொடுத்தேன். அதைக்கூட அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

செப்டம்பர் 27

கொம்பையா போன் செய்தான். சத்தமே இல்லாத குரல். "சனிக்கிழமை சந்தைக்கு ஏத்துதோம் ஐயா. ஆவுடையோட வெறுவயித்து ஆடு பதினாறும். அண்ணன் கறிக்குப் பேசிட்டாக. மலட்டை வச்சுத் தீனி போட்டு என்ன செய்ய, கெடைக்கே ஆகாதுங்காக. நீங்க வந்து ஒரு பார்வை பாத்து, ஆடு சொகமா இருக்குன்னு சீட்டு எழுதித் தரணும்."

அந்தப் பதினாறும் மலடு இல்லை. ஊசியின் வேகம் இப்போது தணிந்திருக்கும். ஐப்பசியில் கடா சேர்ந்தால் எல்லாம் சினை நிற்கும், அநேகமாக இரட்டையாக. இது இந்த வட்டாரத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். அவன், "ஆவுடை அழுதே கெடக்கா ஐயா" என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோல் உடனே வைத்துவிட்டான்.

செப்டம்பர் 28

ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு வளைகாப்பு. மங்கை ஒரு வாரமாகக் கண்ணாடி வளையல்களை நிறம் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள்: "மங்கை, நீ வா, வந்து ஒக்காரு. ஆனா வளையல் நீ போட வேண்டாம்மா. பிள்ளத்தாச்சிக்கு ஒங் கை பட வேண்டாம்னு சித்தி நெனைக்கா. தப்பா எடுத்துக்காத."

மங்கை, "சரி அத்தை" என்றாள். எனக்கு இன்னொரு தோசை போட்டாள். நான் அதைச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்னி கேட்டேன்.

செப்டம்பர் 29

காலையில் முதல் வேலையாகப் பேராசிரியைக்குப் போன் செய்தேன். தேதி பொய், குலுக்கல் பொய், இரண்டையும் சொன்னேன். "பதிவேட்டை அடிச்சுத் திருத்திடாதீங்க, சிதம்பரநாதன். அப்படியே எடுத்துட்டு திங்கட்கிழமை வாங்க" என்றார். திட்டியிருக்கலாம்.

பத்து மணிக்கு வெள்ளூரணி. பதினாறு ஆடும் தனியாகக் கயிற்றில் கட்டிக்கிடந்தன. மாடக்கண்ணு, அவர் மனைவி மூத்தவள், கொம்பையா, சந்தைக்கு வண்டி கொண்டுவரும் ஆள், வேடிக்கை பார்க்க நாலு பேர். ஆவுடை இல்லை.

"சீட்டு எழுத வரலை. ஒண்ணு சொல்லணும். ஆவுடையம்மாள் வரட்டும்" என்றேன்.

"அவ எதுக்கு?" என்றார் மாடக்கண்ணு.

"அவங்க இல்லாமச் சொல்ல முடியாது."

கூட்டிவந்தார்கள். கிடைக்கு இருபதடி தள்ளியே நின்றுகொண்டாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அங்கே நின்றவளுக்குக் கேட்கும்படியாக நான் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. எங்கெங்கோ கற்ற வித்தையெல்லாம் போய், சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். பாதி ஆட்டுக்குத்தான் மருந்து, பாதிக்கு உப்புநீர். ஆவுடையின் ஆட்டுக்கெல்லாம் மருந்து. இரண்டாவது ஊசி பதினேழு நாள் பிந்தியது. கடா விடுவதைத் தள்ளணுமா என்று அவள் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். ஆகஸ்டில் கேட்டபோது ஊசியால் இல்லை என்றேன். அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை. இந்த ஆடுகள் மலடு இல்லை. ஐப்பசியில் கச்சை அவிழ்த்தால் நிற்கும்.

வண்டிக்காரர்தான் முதலில், "அப்பம் நாளைக்கு வண்டி வேண்டாமா?" என்றார்.

மாடக்கண்ணு என் சட்டையைப் பிடிக்க வந்தார். நியாயம்தான், கொம்பையா தடுத்தான். "படிச்சவரு. ஒரு பொம்பளைய நாப்பது நாளு வெளிய நிக்க வச்சிருக்காரு!" என்று மாடக்கண்ணு கத்தினார். வெளியே நிறுத்தியது அவர்தான் என்பது அவருக்கே உறைத்திருக்கும். சட்டென்று குரல் இறங்கித் தம்பியைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "கவுத்த அவுத்து விடுலே" என்றார்.

ஆவுடை மெதுவாக உள்ளே வந்தாள். ஆடுகள் அவளிடம் போய்விட்டன. அவற்றைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் டாக்டரய்யா. நான் கேட்டேம்லா, நீங்க வேண்டாம்னீகளா. ஆனா டாக்டரு ஊசியால இல்லைன்னு சொன்னதுக்குப் பெறவு நான் வாயத் தெறந்தா யாரு நம்புவா? சரி, இன்னிக்காச்சும் சொன்னீக." பிறகு நிமிர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஊசிக்கு ஏன் பிந்துச்சு? ஒரு நாளா ரெண்டு நாளா? அப்படி என்ன வேல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்ல வந்தவன் சொல்லியிருக்க வேண்டும். அதுவரைக்கும் வந்த வாய் அதற்குமேல் வரவில்லை.

"வீட்டுக்காரியை மதுரைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அய்யோ, என்ன செய்யுது அவகளுக்கு?" என்றாள் உடனே.

நான் பதில் சொல்லவில்லை. ஆறு வருஷமாகக் குழந்தை இல்லாதவன் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். என் மௌனத்தை அவள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த கோபம் என் கண்முன்னால் வடிந்தது. மாடக்கண்ணுவின் முகம்கூட இளகியது. "பாவம், மனுசனுக்கு ஆயிரம் கஷ்டம்" என்று மூத்தவள் முணுமுணுத்தாள். என்னை மன்னித்துவிட்டார்கள். விருந்தாளியைப்போல உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள்.

ஜீப்வரை ஆவுடை கூடவே வந்தாள். "ஒரு மாசத்துக்கு எம் மனசு என்ன பாடுபட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அவகளையும் வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாகள்லா? நீங்களாச்சும் அவகளக் குத்தம் சொல்லாதீக டாக்டரய்யா. அவகளுக்கு நீங்கதான உண்டு."

அதற்கும் நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் இன்னொன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதையும் மங்கையின் தலையில்.

ஊரெல்லை தாண்டி ஒரு மைல் போயிருப்பேன். வண்டியைத் திருப்பினேன். ஆவுடை இன்னும் பாதையிலேயே நின்றிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்காமலே சொன்னேன்: "என் வீட்டுக்காரிக்கு ஒண்ணும் இல்லை. குறை என்கிட்டதான். ஜூன் எட்டாந்தேதி தெரிஞ்சுது. வெளியே தலைகாட்டப் பிடிக்காம வீட்டுல படுத்துக்கிடந்தேன். அதான் பிந்துச்சு."

இதை நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது ஒரு ஆட்டுக்காரப் பெண்ணிடம்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. "வீட்டுல சொல்லிட்டீகளா?" என்றாள்.

"இல்லை."

"அப்பம் இங்கன ஏன் நிக்கீக?" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா முன்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கான தாம்பூலப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மங்கை பக்கத்தில் மஞ்சள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அலமாரியிலிருந்து மதுரைத் தாளை எடுத்துவந்து கொடுத்தேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு, என்னை விட்டுவிட்டு மங்கையிடம் திரும்பினாள்.

"ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் அத்தை."

"எப்பத்திலேந்து?"

"அந்தத் தாளை வாங்கிட்டு வந்ததே நான்தான். நூத்திப் பதிமூணு நாளாச்சு."

"தெரிஞ்சுமா அந்த லேகியத்தச் சாப்பிட்ட? தெரிஞ்சுமா பட்டினி கெடந்த? ஏட்டி, ஒரு வார்த்த என்கிட்டச் சொல்லக்கூடாதா?"

மங்கை கையிலிருந்த மஞ்சளைத் தட்டில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவங்க பக்கத்து ரூம்லதானே இருந்தாங்க அத்தை. இன்னைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டே இருந்தேன்."